மைக்கைக் கூவவிட்ட அண்ணனுக்கு

என் கணேசண்ணே,

சாப்பிட்டுவிட்டேன். நீ முதலில் கேட்பது அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவும் சாப்பிட்டாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஏசுகிற குரல் குறையவில்லை, அதனால் நீ பயப்பட ஒன்றுமில்லை.

நேற்று உன் ஆம்ப்ளிஃபையரை மூடியிருந்த போர்வையைத் துவைக்க எடுத்தேன். எடுத்தபோது அதன் முகப்பில் ஒன்றைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து உன்னிடம் பேச வேண்டும்போல இருக்கிறது. என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் திருப்பரங்குன்றத்துக் கல்லூரியில் நடந்த அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நீ இருந்த நான்கு வருடத்தில் நாம் அதைப் பேசவே இல்லை. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு பேச ஆளில்லை. நீ ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் பேசாததற்குக் காரணம், உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. பேரையூரில் மைக்செட் கணேசன் என்றால் என் அண்ணன்தான். நான்கு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், மூன்று மைக், இந்த ஆம்ப்ளிஃபையர். பத்தாம் வகுப்போடு நின்று, அப்பா இல்லாத வீட்டில் என்னை மதுரை விடுதியில் சேர்த்து பி.ஏ. படிக்க வைத்தவர். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தோடு வாயைத் திறக்கத் தெரியாத முதல் ஆளும் நான்தான்.

அண்ணே, உன் தொழிலில் உனக்கு ஒரே ஒரு எதிரி. மைக் கூவுவது. பேசுகிறவர் மைக்குக்குள் மூச்சு விட்டதும் குழாய் "ஊ..." என்று ஊளையிடுமே, அது. ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் யாரோ ஒருவருடைய மைக் கூவிவிட்டதாம். அதைப் பத்து வருடம் கழித்தும் நீ துக்கச் செய்தி மாதிரி சொல்வாய். "கூவ விட்டுட்டா அவன் மைக்செட்காரனே இல்லத்தா. பேசுற மனுசன் மானம் நம்ம கையில இருக்கு." அதனால் வால்யூம் திருகுக்குப் பக்கத்தில் என் சாந்துப் புட்டியிலிருந்து ஒரு பொட்டு வைத்திருந்தாய். எந்த ஊராக இருந்தாலும், எந்தப் பந்தலாக இருந்தாலும், திருகு அந்தப் பொட்டைத் தாண்டாது.

அன்று நல்ல முகூர்த்த நாள். மதுரையில் இருந்த மைக்செட் எல்லாம் கல்யாணங்களுக்குப் போய்விட்டன. அதனால்தான் அந்தக் கல்லூரி மாணவர் செயலாளர் பேரையூர்வரை உன்னைத் தேடி வந்தார். நீ நேராக என் விடுதிக்கு வந்தாய். பார்வையாளர் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாய்:

"இங்கிலீஷ் பாட்டுக் கச்சேரியாம்த்தா. மூணு குரூப்பு வருது. ஒரு குரூப்பு பம்பாயிலருந்து. அவிங்க பேசுறது எனக்கு விளங்காது. நீ வந்து பக்கத்துல இரு. என்ன சொல்றாய்ங்கன்னு மட்டும் சொல்லு."

"என்னாலயாண்ணே?"

"பின்ன எதுக்கு மூணு வருசமா ஷேக்ஸ்பியரு படிக்கிற?"

என்னை நீ வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போகவில்லை. வேலைக்குக் கூட்டிப் போனாய். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

தனியாகப் போகப் பயந்து, என்னோடு படித்த கோரிப்பாளையத்து நூர்ஜஹானையும் இழுத்துக்கொண்டேன். அவளுடைய அப்பா, அவள் அத்தா என்பாள், முதலில் முகத்தைச் சுளித்தார். உன் பெயரைச் சொன்னதும், "கணேசன் தம்பி கூடவா? அப்பச் சரி, போயிட்டு வாங்க" என்று விட்டுவிட்டார். உன் பெயருக்கு அவ்வளவு செல்வாக்கு.

மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் நீ குழாய்களைக் கட்டிக்கொண்டிருந்தாய். மேடைக்குப் பின்னால் குன்று. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நீ சொன்னதும் ஒரு நொடி பொறுத்து அந்தப் பாறையும் "டெஸ்டிங்" என்றது. நீ திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாய். "மலையும் நம்ம கூடத்தான் இருக்கு. கவனமா இருக்கணும்" என்றாய்.

பிறகு நீ செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஆயிரம் மாணவர்கள் பெல்பாட்டத்தில் காத்திருக்க, ரெக்கார்டில் பிள்ளையார் பாட்டைப் போட்டாய். செயலாளர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணே, அண்ணே! இது வெஸ்டர்ன் புரோகிராம்ணே!"

"எந்தப் புரோகிராமா இருந்தா என்ன தம்பி, ஓடுறது ஒரே கரெண்டுதான. சாமி பாட்டுப் போடாம நான் மைக்கைத் தொடமாட்டேன்."

பையன்கள் விசிலடித்தார்கள். நீ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாய். பாட்டு முழுதும் ஓடி முடிந்த பிறகுதான் முள்ளை எடுத்தாய்.

முதல் குழு மருத்துவக் கல்லூரிப் பையன்கள். இரண்டாவது பெங்களூர். அவர்கள் பாடியதைக் கூட்டமும் சேர்ந்து பாடியது. உனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. பொட்டைத் தாண்டாமல் ஓட்டினாய்.

பம்பாய்க்காரர்கள் நான்கு பேர். அதில் கிதார் வாசிக்கிறவருக்குத் தோள்வரை முடி. இன்னொருவர் வாத்தியமே வாசிக்கவில்லை. அவர் வேலை வெளிச்சம். கல்லூரி ஆய்வகத்துப் புரொஜெக்டரை வாங்கி வைத்துக்கொண்டு, உன்னிடம் வந்து தலையைத் தடவித் தடவி ஏதோ கேட்டார். தலைவலி என்று நினைத்து நீ தைலப் புட்டியை நீட்டினாய். அவர் விழித்தார்.

"தேங்கா எண்ணெய் கேக்குறார்ணே" என்று நான் உன் காதில் சொன்னேன்.

"அதச் சொல்றதுக்கு ஏன் தலையத் தடவுறான்?"

ஒரு கண்ணாடித் தட்டில் சாயத் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, அதைப் புரொஜெக்டர் மேல் வைத்து ஆட்டினார். நீ கல்யாணப் பந்தலுக்கு வைத்திருந்த வெள்ளைத் திரையில் சிவப்பும் நீலமும் உயிர் வந்த மாதிரி ஊர்ந்தன. ஒன்றை ஒன்று தொட்டன, கலந்துவிடாமல் விலகின. நூர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை அண்ணே. நீயும் பார்த்ததில்லை. ஆனால் நீ திரையைப் பார்க்கவில்லை. திருகையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர்கள் ஆரம்பித்தது யாருக்கும் தெரியவில்லை. டிரம் மெதுவாக ஒரே தட்டாகத் தட்டியது. ஒரு டேப் ரெக்கார்டரில் ரயில் ஓடும் சத்தம் தலைகீழாக ஓடியது. கிதாரில் ஒரு எவர்சில்வர் தம்ளரை வைத்துத் தேய்த்தார்கள். பாட்டு என்று எதுவும் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து நீ என் பக்கம் சாய்ந்து, "இன்னும் டெஸ்டிங்தான் பண்றாய்ங்க போல" என்றாய்.

நூர், "இது பாட்டா, இல்ல பல்லுப் பிடுங்குறாங்களா?" என்றாள்.

அப்போது செயலாளர் வந்து, பெண்கள் வரிசையில் போய் உட்காரச் சொன்னார். நானும் நூரும் எழுந்து போனோம். உனக்கும் எனக்கும் நடுவே இருபதடி தூரம். அவ்வளவுதான். அந்த இருபதடியைத்தான் சொல்ல வந்தேன்.

கிதார்க்காரர் மெதுவாக நடந்து தன் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். நீ அந்தப் பெட்டிக்கு எதிரில் ஒரு மைக் வைத்திருந்தாய். அவர் குனிந்தார், கிதார் கூவ ஆரம்பித்தது. கூவின அதே நொடியில் நீ திருகை இறக்கினாய். சத்தம் அறுந்தது. அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார். மறுபடியும் இறக்கினாய். மூன்றாவது தடவை அவர் மேடையிலிருந்தே ஆங்கிலத்தில் கத்தினார்: அதைக் கொல்லாதே, கத்த விடு, உனக்குக் காது கேட்கவில்லையா என்று.

எனக்கு விளங்கியது அண்ணே. அவருக்கு அந்தக் கூவல்தான் வேண்டும். மற்றவர்கள் எதற்குப் பயந்து ஓடுவார்களோ, அதைத் தேடித்தான் அவர் அவ்வளவு தூரம் வாசித்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் செயலாளருக்கு அது விளங்கவில்லை. "அண்ணே, ஒழுங்கா வைங்கண்ணே!" என்று உன்னிடம் கத்தினார். ஒழுங்கு என்றால் உனக்கு என்ன? கூவாமல் வைப்பது. அதனால் நீ இன்னும் வேகமாக இறக்கினாய். நெற்றியில் வேர்வை வழிய, அந்தப் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். கூட்டம் "ஏய், மைக்செட்டு!" என்று உன்னைப் பார்த்துக் கூவியது.

நீ திரும்பி என்னைத் தேடினாய். கண்டுபிடித்தாய். "என்னத்தா சொல்றான்?" என்று உன் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? எழுந்தால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள். ஒரு ஆணிடம் நான் அதுவரை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசியதில்லை. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால்கூட விடையை நோட்டில் எழுதிக் காட்டுகிறவள் நான். இதெல்லாம் காரணமா? அன்று எனக்கு மலை மாதிரி இருந்தது. நீ இன்னொரு தடவை பார்த்தாய். நான் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் அப்படி ஓடியிருக்கும்.

"மாரி, உங்கண்ணன அவன் திட்டுறான்" என்றாள் நூர். "நீ இங்கன உக்காந்து வளையல உருட்டிக்கிட்டு இருக்க."

கடைசியில் கிதார்க்காரர் மேடையை விட்டு இறங்கி உன் மேசைக்கு வந்தார். உன் கையைத் தள்ளிவிட்டு அவரே திருகைப் பிடித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாய். அண்ணே, நீ சாமிக்கு முன்னால் மட்டும்தான் துண்டை எடுப்பாய். எம்.எல்.ஏ. வந்தபோதுகூட எடுக்கவில்லை.

எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியாது. மேசைக்கு முன்னால் நின்று அவரிடம் ஆங்கிலத்தில் பேசினேன். இவர் என் அண்ணன். மைக் கூவினால் வாசிக்கிறவருக்கு அவமானம் என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம். இவர் உங்களைக் கெடுக்கவில்லை, காப்பாற்றுகிறார். அவ்வளவுதான் சொன்னேன். இலக்கணம் எங்கெங்கே உடைந்தது என்று இன்றும் ராத்திரியில் நினைத்துப் பார்ப்பேன்.

அவர் உன்னைப் பார்த்தார். திருகிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையைக் கூப்பி ஏதோ சொன்னார்.

"என்னத்தா சொல்றான்?"

"மன்னிப்புக் கேக்குறார்ணே."

"அது எதுக்கு இப்ப? விசயத்தச் சொல்லு."

"அது கோளாறு இல்லண்ணே. அவுக வேணும்னுதான் கூவ விடுறாக."

"வேணும்னேவா?"

"ஆமாண்ணே. அதுதான் பாட்டாம்."

நீ அவரை மேலும் கீழும் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் உன்னைக் கேலி செய்கிறேனோ என்று ஒரு சந்தேகம் உன் முகத்தில் ஓடியது. அப்புறம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பந்தலுக்கு எத்தனை குழாய் வேண்டும் என்று கேட்கிற அதே குரலில் கேட்டாய்:

"எம்புட்டு நேரம் கூவணுமாம்?"

நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் என்றார்.

"சரி. அப்ப அவரப் போய் வாசிக்கச் சொல்லு. கூவலை நான் பாத்துக்கிறேன். எங்க புடிச்சா கூவும், எங்க விட்டா அடங்கும்னு அவரவிட எனக்குத் தெரியும்."

பதினைந்து வருடம் அதோடு சண்டை போட்டவன் நீ. அதன் ஒவ்வொரு குணமும் உனக்குத் தெரியாதா? நான் உன் பக்கத்திலேயே நின்றேன். நீ பெட்டிக்கு முன்னால் இருந்த மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தாய். திருகை ஏற்றினாய். அது பொட்டைத் தொட்டது. உன் விரல் அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு தாண்டியது.

நான்கு குழாயும் கூவின. மெல்லிய கம்பி மாதிரி ஆரம்பித்து, தடித்து, இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேலே போக ஒன்று கீழே இறங்கியது. கிதார்க்காரர் மேடையிலிருந்து கையைத் தூக்கினால் நீ ஏற்றினாய். தாழ்த்தினால் இறக்கினாய். கொஞ்ச நேரத்தில் அவர் கையைக் காட்டுவதை நிறுத்திவிட்டு உன்னைக் கவனிக்க ஆரம்பித்தார். நீ ஏற்றினால் அவர் அதோடு வந்தார்.

"மாரி" என்றாய் என்னைப் பார்க்காமலே. "ஒரு குழாய மலைப் பக்கமாத் திருப்பி விடட்டுமான்னு கேளு. அது திருப்பிக் குடுக்கும்."

நான் கேட்கவில்லை. "திருப்புண்ணே" என்றேன்.

திருப்பினாய். இங்கே கூவியது குன்றில் போய் மோதி, ஒரு நொடி பிந்தி, வேறு குரலில் திரும்பி வந்தது. திரையில் அந்தச் சிவப்பும் நீலமும் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கூவல் எனக்குப் புதிதாகவே இல்லை அண்ணே. பேச வாய் திறந்த பிறகு வார்த்தை வராமல் தொண்டையில் நிற்குமே, அந்தச் சத்தம். என் தொண்டைக்குள் வருடக்கணக்காக இருந்ததை யாரோ நான்கு குழாயில் போட்டு ஊருக்கே கேட்க வைத்த மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆயிரம் பேர் அதை உட்கார்ந்து கேட்டார்கள். நான் அழுதேன். இருட்டில் நீ பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

முடிந்ததும் கிதார்க்காரர் மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக் கைதட்டினார். நீ செய்தது என்ன? அவசரமாகக் குனிந்து, கடைசி சாமி பாட்டுக்கு ரெக்கார்டைத் துடைத்தாய்.

நூரைக் கோரிப்பாளையத்தில் இறக்கிவிட்டு, விடுதி மூடியிருக்கும் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டு, மைக்செட் வேன் பேரையூர் நோக்கிப் போனது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. நீ ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாய்: "நல்லா இருந்துச்சாத்தா?"

நான் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா? "காது வலிக்குதுண்ணே."

நீ சிரித்தாய். "பின்ன வலிக்காதா" என்றாய். அதோடு சரி. மறுநாள் ஒரு காதுகுத்து வீட்டில் பழையபடி பொட்டைத் தாண்டாமல் ஓட்டினாய்.

இரண்டு மன்னிப்பு அண்ணே. ஒன்று, நீ தேடியபோது தலையைக் குனிந்த அந்தப் பத்து நிமிடத்துக்கு. இன்னொன்று, வேனில் சொன்ன பொய்க்கு. நன்றாக இருந்தது. நான் என் ஆயுளில் கேட்டதிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

இப்போது நேற்றுப் பார்த்ததைச் சொல்கிறேன். போர்வையை எடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரின் முகப்பைத் துடைத்தேன். வால்யூம் திருகுக்குப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த அந்தப் பொட்டு, மங்கிப்போய். அதற்கு மேலே, கடைசி எண்ணுக்குக் கிட்டத்தில், இன்னொரு பொட்டு. அதே சாந்து. அன்றைக்குத் திருகு நின்ற இடம் அதுதான். நான் பக்கத்திலேயே நின்றேனே, எனக்குத் தெரியாதா?

எப்போது வைத்தாய்? அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்தா? என் புட்டியை எப்போது எடுத்தாய்? அதற்குப் பிறகு ஒருநாளாவது, யாருமில்லாத கொட்டகையில், திருகை அதுவரை கொண்டுபோனாயா? காது வலிக்கிறது என்று சொன்ன தங்கச்சியிடம் இதை எப்படிக் கேட்பது என்றுதான் பேசாமல் இருந்துவிட்டாயா?

இங்கே உள்ள செய்தி இதுதான். நான் நம் ஊர்ப் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் பேச வந்துவிட்டது. மைக் முன்னால் மட்டும் இன்னும் நின்றதில்லை. ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்த வெள்ளிக்கிழமை விழாவுக்கு வரவேற்புரை நான்தான் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். நேற்றுவரை காய்ச்சல் வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் போய், வெளி மைக்செட் வேண்டாம், எங்கள் வீட்டு செட்டையே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நூரும் கைக்குழந்தையோடு வருகிறாள். "அன்னைக்கு மாதிரி வளையல உருட்டுன, குழந்தைய உன்கிட்டக் குடுத்துட்டு நானே போய்ப் பேசிருவேன்" என்று எழுதியிருக்கிறாள்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணே. முதலில் பிள்ளையார் பாட்டு, முழுப் பாட்டு. பிறகு திருகைப் பழைய பொட்டில் வைத்துப் பேசுவேன், தலையைக் குனியாமல். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு ஒரு குழாயைக் காட்டுப் பக்கம் திருப்பி வைத்து, இரண்டாவது பொட்டுவரைக்கும் ஏற்றுவேன். நம் ஊரில் திருப்பிக் கொடுக்கக் குன்று இல்லை. பரவாயில்லை, போகிறவரைக்கும் போகட்டும்.

எம்புட்டு நேரம் என்று கேட்காதே. அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். அதுவரை நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உன் மேசைக்கு வர இருபதடி நடக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்ட,
உன் கூடப்பிறந்தவள்,
மாரி